பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டும் குழந்தைக்கு எப்படி நன்றி சொல்வது?

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் இரண்டே கால் வயது மகள் தான் பாதி கடித்த பிஸ்கட்டை உங்கள் வாயில் வைக்கிறாள். நீங்கள் களைத்துப் படுத்தால் தன் சிறிய போர்வையை இழுத்து வந்து உங்கள் வயிற்றின் மேல் போடுகிறாள். பூண்டு உரிக்க உட்கார்ந்தால் தானும் ஒரு பல்லை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருகிறாள். இதையெல்லாம் பார்த்து உங்களுக்கு மனம் நிறைந்துபோகிறது. ஆனால் "குழந்தைக்கு என்ன தெரியும், பார்த்ததைத் திருப்பிச் செய்கிறது, அவ்வளவுதான்" என்று வீட்டில் சொல்கிறார்கள். இது உண்மையிலேயே அன்புதானா, இதற்கு எப்படி நன்றி சொல்வது, அதிகம் பாராட்டினால் குழந்தை கெட்டுப்போகுமா, பகல் முழுவதும் உடன் இல்லாத எனக்கு இதைப் பெறும் தகுதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை வளர்ச்சிப் பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவள் என்ற முறையிலும், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அது அன்புதான். அதற்குப் பெற்றோர் செலுத்தக்கூடிய நன்றி, குழந்தை கொடுப்பதை முழு மனதோடு வாங்கிக்கொள்வது. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வாங்கிக்கொள்ளுதல்தான் நம் வீடுகளில் அன்றாடம் தவறிப்போகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பார்த்ததைச் செய்கிறாள் என்று உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரவில் நீங்கள் அவளுக்குப் போர்த்திவிடுவதைப் பார்த்துத்தான் அவள் போர்த்தக் கற்றாள். ஆனால் அவள் எப்போது போர்வையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று கவனியுங்கள். நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது வருவதில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வருவதில்லை. நீங்கள் படுத்து, கண்ணை மூடி, அவள் கூப்பிட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்லும்போது வருகிறாள். செய்யும் விதத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்றாலும், செய்ய வேண்டிய நேரம் எது என்பதை அவளே உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். பெரியவர்களாகிய நாமும் துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வதையும் நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோவதையும் யாரோ செய்யப் பார்த்துத்தான் கற்றோம். அதனால் நம் அன்பு பொய்யாகிவிடவில்லை.

பிஸ்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் குழந்தையின் மனம் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. 1997இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெட்டி ரெபகோலி, அலிசன் காப்னிக் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகள் முன்னால் இரண்டு கிண்ணங்களை வைத்தார்கள்: ஒன்றில் குழந்தைகளுக்குப் பிடித்த சிறு மொறுமொறு பிஸ்கட்டுகள், மற்றதில் பச்சை ப்ரோக்கோலி. ஆய்வு நடத்தியவர் இரண்டையும் ருசி பார்த்து, சில குழந்தைகளிடம் பிஸ்கட்டுக்கு முகம் சுளித்து ப்ரோக்கோலிக்கு மகிழ்ந்து காட்டிவிட்டு, "எனக்குக் கொஞ்சம் தருகிறாயா?" என்று கையை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகளோ, தங்களுக்குப் பிடிக்காத ப்ரோக்கோலியை, அவருக்குப் பிடிக்கிறது என்பதற்காக எடுத்துக் கொடுத்தன. சின்னக் குழந்தை தனக்கு இனிப்பதுதான் உலகில் எல்லோருக்கும் இனிக்கும் என்று நம்பித் தன்னிடம் உள்ளதிலேயே நல்லதைத் தருகிறது. சில மாதங்கள் கழித்து, உனக்கு வேறு ஏதோ பிடிக்கும் போலிருக்கிறது என்று கண்டுகொண்டு அதைத் தேடித் தருகிறது. இரண்டுமே கொடுத்தல்தான், முதலாவது சற்றும் குறைந்ததல்ல.

ஆறுதல் சொல்வதிலும் இதே வரிசையைக் காணலாம். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கரோலின் ஸான்-வாக்ஸ்லரும் மரியன் ராட்க்-யாரோவும் 1970களிலிருந்து செய்த ஆய்வுகளில், தாய்மார்களையே பயிற்றுவித்து, வீட்டில் யாராவது அழுதாலோ வலியில் இருந்தாலோ குழந்தை என்ன செய்கிறது என்பதைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். ஒரு வயதைக் கடக்கும்போது பல குழந்தைகள் அழுபவரைப் பார்த்துத் தாங்களும் கலங்கின. இரண்டாம் ஆண்டு போகப் போக, தட்டிக்கொடுப்பது, கட்டிப்பிடிப்பது, பொம்மையைக் கொண்டு வந்து கொடுப்பது என்று பிறர் துன்பத்துக்கு ஏதாவது செய்யத் தொடங்கின. மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் பதிவுசெய்த 15 மாதச் சிறுவன் ஒருவனின் நிகழ்ச்சி இந்தத் துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அவன் தன் தோழனோடு ஒரு பொம்மைக்காக மல்லுக்கட்டினான். தோழன் அழத் தொடங்கினான். இவன் பொம்மையை விட்டுக்கொடுத்தான், அழுகை நிற்கவில்லை. தன் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தான், அப்போதும் நிற்கவில்லை. சற்று யோசித்து நின்றவன் அடுத்த அறைக்குப் போய், அந்தத் தோழன் எப்போதும் பிடித்துக்கொள்ளும் போர்வையை எடுத்துவந்து கொடுத்தான்; அழுகை நின்றது. உங்கள் மகள் இன்று தன் போர்வையைத் தருகிறாள். கொஞ்ச நாளில் உங்கள் மூக்குக் கண்ணாடியையோ தைலப் புட்டியையோ தேடி எடுத்து வருவாள். அந்த மாற்றம் நடக்கும் வாரங்களைத் தவறவிடாமல் பாருங்கள் என்று நான் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

பாதி பிஸ்கட்டைக் கொடுப்பதில் இழப்பு இருக்கிறதே, குழந்தைக்கு அது வலிக்காதா என்று நினைக்கலாம். கனடாவின் வான்கூவரில் லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, பின் ஒரு பொம்மைக்கும் அதில் பங்கு கொடுக்கச் செய்து, அவர்களுடைய முக மலர்ச்சியை அளந்தார்கள். தாங்கள் பெற்றபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது குழந்தைகள் அதிகம் மகிழ்ந்தார்கள்; அதிலும், வேறெங்கிருந்தோ கிடைத்ததைக் கொடுத்ததைவிடத் தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. ஆகவே "பாவம், நீயே சாப்பிடும்மா, அம்மாவுக்கு வேண்டாம்" என்று நாம் பாசத்தோடு திருப்பிக் கொடுக்கும்போது, குழந்தைக்கு நல்லது செய்வதாக எண்ணி அதன் பெரிய மகிழ்ச்சி ஒன்றைப் பறித்துவிடுகிறோம். நம் தலைமுறைப் பெண்களுக்குக் கொடுத்துத்தான் பழக்கம், வாங்கிக்கொள்ளக் கூச்சம். ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

எச்சில் என்று பாட்டி தடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவாகக் குழந்தை கடித்ததைத் தாய் உண்பதால் பெரிய கேடு இல்லை; பெரியவர்களின் எச்சில் குழந்தையின் வாய்க்குப் போய், பல் சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் தொற்றுவதைத்தான் பல் மருத்துவர்கள் அதிகம் எச்சரிக்கிறார்கள். எனவே நீங்கள் கடித்துத் திருப்பி ஊட்டாதீர்கள். ஒரு விதிவிலக்கு முக்கியமானது: நீங்கள் மறுபடியும் கருவுற்றிருந்தால், சைட்டோமெகலோ வைரஸ் என்ற தொற்று சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கக்கூடும் என்பதாலும், அது கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், குழந்தையின் எச்சில் உணவை உண்பதையும் உதட்டில் முத்தமிடுவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். அப்போது பிஸ்கட்டின் கடிபடாத ஓரத்தில் சிறு துண்டை ஒடித்து அவள் கண் முன்னே சாப்பிடலாம், முத்தத்தை நெற்றியில் வாங்கிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது நீங்கள் பெற்றுக்கொள்வது. எந்த ஓரத்தைச் சாப்பிட்டீர்கள் என்பது அவளுக்குக் கணக்கில்லை.

இனி, உதவி செய்ய வருவது. இதைப் பற்றிய ஆய்வுகளில் பெயர்பெற்றது ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் செய்து 2006இல் வெளியிட்டது. ஒருவர் துணி காயப்போடுகிறார், கிளிப் கை தவறிக் கீழே விழுகிறது, எட்டி எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. கை நிறையப் புத்தகங்களோடு வந்து மூடிய அலமாரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் பரிசு தருவதாகச் சொல்லவில்லை. 18 மாதக் குழந்தைகள் 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒரு வேளையிலாவது எழுந்து போய் உதவினார்கள், அதுவும் பெரும்பாலும் சில நொடிகளுக்குள். அவர் கிளிப்பை வேண்டுமென்றே கீழே வீசியபோது குழந்தைகள் பெரும்பாலும் அதை எடுத்துக் கொடுக்க முனையவில்லை. கீழே கிடக்கும் பொருளை எடுப்பது விளையாட்டு என்று அவர்கள் எண்ணியிருந்தால் இரண்டிலும் எடுத்திருப்பார்கள். எதிரில் இருப்பவருக்கு எது தேவை என்பதைப் பேச்சு வராத வயதிலேயே குழந்தை புரிந்துகொள்கிறது என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதற்கும் முந்தைய, 1982இல் ஹாரியட் ரைன்கோல்ட் வட கரோலினாவில் செய்த எளிய ஆய்வு. ஓர் அறையை வீடுபோல அமைத்து, பெற்றோரை மேசை துடைப்பது, துணி மடிப்பது, குப்பை கூட்டுவது போன்ற வேலைகளைச் செய்யச் சொல்லி, குழந்தையை உதவிக்குக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள அந்தக் குழந்தைகள் பெரும்பாலான வேலைகளில் தாங்களாகவே வந்து கலந்துகொண்டார்கள். பின்னர் பெற்றோரிடம் பேசியபோது பலர் சொன்னதுதான் நெஞ்சில் தைப்பது: குழந்தை குறுக்கே வந்து தொந்தரவு செய்யும் என்பதால் வீட்டு வேலைகளை அது தூங்கும் நேரத்தில் முடித்துக்கொள்வதாக அவர்கள் கூறினார்கள். நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? காய் நறுக்கும்போது கையில் செல்போனைக் கொடுத்து உட்காரவைக்கிறோம்; துணி மடிக்கும்போது "கலைக்காதே, அந்தப் பக்கம் போ" என்கிறோம்; பின்னர் எட்டு வயதில் ஒரு தட்டைக்கூட எடுத்துவைக்க மாட்டேன் என்கிறான் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். தானாகக் கொடுக்க வந்த காலத்தில் வாங்க ஆள் இல்லாததால்தான் அந்தக் கை வராமல் போயிற்று என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் மகள் பூண்டு உரிப்பதாக எழுதியிருந்ததைப் படித்தபோது என் மகன் அதே வயதில் உரித்துத் தந்தவை கண் முன் நின்றன. நான் ஒரு கிண்ணம் உரித்து முடிக்கும் வரை அவன் ஒரே பல்லோடு இருப்பான். நகம் பதிந்து, ஈரமாகி, நுனி நசுங்கி, உரிய வேண்டிய தோலோடு உரிய வேண்டாத சதையும் கொஞ்சம் போயிருக்கும். அதைக் கிண்ணத்தில் போட மாட்டான்; என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, அடுத்த பல்லை எடுப்பான். அந்தப் பல்லை அன்றைய ரசத்தில் தட்டிப் போட்டு, "இது நீ உரிச்ச பூண்டு" என்று சாப்பாட்டின்போது சொல்வேன். சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் ரசத்தை இன்னொரு கரண்டி கேட்பான். நன்றி என்று நான் குறிப்பிடுவது இதைத்தான்: கொடுத்தது பயன்பட்டது என்று கொடுத்தவருக்குத் தெரியவைப்பது. அவன் உரித்ததை அவன் பார்க்காதபோது தூக்கி எறிந்துவிட்டு வாயால் "சமத்து, சமத்து" என்று கொஞ்சுவதில் அது நடக்காது. குழந்தைகள் அதைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆவதில்லை.

பாராட்டினால் கெடுமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2008இல் 20 மாதக் குழந்தைகளைக் கொண்டு இன்னொன்று பார்த்தார்கள். உதவிய குழந்தைகளில் சிலருக்கு விளையாட்டுச் சாமான் பரிசாகக் கிடைத்தது. சிலருக்கு வாய் வார்த்தையாக நன்றி. சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு மறுபடியும் உதவ வாய்ப்பு வந்தபோது, பரிசு பெற்ற குழந்தைகள் மற்ற இரு குழுவினரைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாய் வார்த்தை நன்றியோ உதவும் ஆர்வத்தைக் குறைக்கவில்லை. எனவே சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் "அம்மாவுக்குத் தண்ணி கொண்டு வந்தா சாக்லேட்" என்ற வழக்கத்தை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள், தாத்தா பாட்டியிடமும் இதை அன்போடு எடுத்துச் சொல்லிவையுங்கள். சொல்லும்போது நடந்ததைச் சொல்வது நல்லது. "அம்மாவுக்குக் குளிரா இருந்துச்சு, நீ போர்த்திவிட்டே, இப்ப நல்லா இருக்கு" என்பதில், அவள் செய்ததும் அதனால் உங்களுக்கு ஆனதும் இரண்டும் அடங்கிவிடுகின்றன. எல்லா நேரமும் சொல்லவும் வேண்டியதில்லை. போர்வையை இழுத்துக் கழுத்துவரை விட்டுக்கொண்டு கண்ணை மூடினாலே போதும்.

செல்போனில் படம் பிடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஊட்ட வரும்போது "இரு, இரு, மறுபடியும் ஊட்டு" என்று கேமராவைத் திருப்பினால், அந்த நொடியில் வாங்குபவர் போய்ப் பார்வையாளர் வந்துவிடுகிறார். இரண்டாம் முறை ஊட்டுவது உங்களுக்காக அல்ல, படத்துக்காக. எப்போதாவது ஒன்று இரண்டு எடுத்துவைப்பதில் குற்றமில்லை. ஆனால் கை காலியாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து, ஏனென்றால் கொடுப்பவர் கையைத்தான் தேடுகிறார்.

குழந்தையின் அன்பைப் பெறத் துடிக்கும் பெற்றோர் நெஞ்சத்தைத் தமிழ் மிகப் பழைய காலத்திலிருந்தே வெளிப்படையாகப் பாடியிருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முத்தப் பருவம் ஒன்று. அதில் முத்தம் தா என்று கேட்பவர் பெரியவர், தர வேண்டியது குழந்தை. அடுத்த பருவத்தில் தளர்நடை இட்டு வா என்று அழைப்பவரும் பெரியவரே. இந்த மரபுக்கு முன்னோடியான ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், யசோதையின் நிலையில் நின்று, கண்ணன் எதிரே ஓடிவந்து அணைத்துக்கொள்வதைக் கேட்டு ஒரு பதிகமும், பின்னாலிருந்து வந்து முதுகைக் கட்டிக்கொள்வதைப் பாடப் புறம்புல்கல் என்று தனியாக இன்னொரு பதிகமும் செய்திருக்கிறார். உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் தாயின் முதுகில் இரண்டு சிறிய கைகளும் ஒரு கன்னமும் வந்து ஒட்டிக்கொள்வதை அனுபவித்தவர்களுக்கு, முன்னால் வந்து அணைப்பதும் பின்னால் வந்து அணைப்பதும் ஏன் தனித்தனியாகப் பாடப்பட வேண்டியவை என்பது உடனே விளங்கும். அப்படிக் கட்டிக்கொள்ளும்போது குழந்தை நம் முகத்தைப் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. வேலையை நிறுத்தாமல்கூட ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளலாம்.

கேட்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு, கொடுத்தால்தான் விடுவேன்" என்று உறவினர் நடுவில் குழந்தையைப் பிடித்து நிறுத்துவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. மறுக்க முடியாதபோது கொடுக்கும் முத்தத்தில் அன்பு இல்லை. தன் உடம்பை யார் தொடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கு இல்லை என்ற பாடத்தையும் அது சேர்த்தே கற்பித்துவிடுகிறது. கை கூப்பி வணங்கட்டும், கையசைக்கட்டும், அதுவும் வேண்டாமென்றால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும்.

எல்லாக் குழந்தைகளும் கட்டிப்பிடித்து முத்தமிடும் இயல்புடையவை அல்ல என்பதையும் இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்காகச் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் அருகில் வந்து முதுகை உரசிக்கொண்டு உட்கார்ந்து தம் பாட்டுக்கு விளையாடும். சில, தெருவில் கிடைத்த கூழாங்கல்லைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போய்விடும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் தொடுவதை விரும்பாமல், தாம் வரிசையாக அடுக்கியதை வந்து பார்க்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பதிலேயே தம் நெருக்கத்தைக் காட்டும். அவற்றையும் அதே மதிப்போடு பெற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக்காட்டுவதில்லை, பொருளைக் கொண்டுவந்து காட்டுவதில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளில் இதற்கென மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. பகல் முழுவதும் பாட்டியிடம் இருக்கும் குழந்தை மாலையில் உங்களுக்குப் பிஸ்கட் ஊட்டும்போது, மகிழ்ச்சியோடு ஒரு குற்ற உணர்வும் வருகிறது என்கிறீர்கள். 1964இல் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை அவர்கள் வீடுகளிலேயே மாதாமாதம் பார்த்து எழுதிய ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவரிடம் மட்டுமல்லாமல் தாய், தந்தை, பாட்டி, அண்ணன் என்று பலரிடம் பற்று வைத்திருந்தன. அதிக நேரம் உடன் இருந்தவரிடம்தான் பற்று அதிகம் என்றும் இல்லை. குழந்தை கூப்பிடும்போது கேட்டு, அதன் குறிப்பறிந்து பதில் கொடுத்தவரிடமே அது ஒட்டிக்கொண்டது. பாட்டியிடம் அன்பாக இருப்பதால் உங்களுக்குரிய அன்பு குறைவதில்லை. மாலையில் நீங்கள் இருக்கும் நேரத்தில் அவள் நீட்டுவதை வாங்குகிறீர்களா என்பதே அந்த அன்பை வளர்க்கிறது.

தகுதி என்ற சொல்லை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை உங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. நன்றியுணர்வு குற்ற உணர்வாகத் திரும்பிவிட்டால், பிஸ்கட்டை வாயில் வாங்கும் அந்த நேரத்தில் உங்கள் கண் கலங்குகிறது. கலங்கியதைப் பார்த்துக் குழந்தை தான் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று திகைக்கிறது. அதேபோல, சில மாலைகளில் நீங்கள் வந்ததும் அவள் ஓடி வராமல், காரணமே இல்லாமல் அழுது, செருப்பைத் தூக்கி எறியலாம். பகலெல்லாம் அடக்கிவைத்திருந்ததை உங்களிடம்தான் கொட்ட முடியும் என்று அவள் நம்புவதால் நடப்பது அது. அதையும் அவள் உங்களிடம் கொண்டுவந்து தருவதாகவே எடுத்துக்கொண்டு, கைப்பையை இறக்கிவைத்துவிட்டு, சற்று நேரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் கால் மணி நேரம் தள்ளிப் போகட்டும்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை நினைவில் தங்குவதில்லை. உங்கள் மகள் இன்று செய்யும் எதையும் பின்னாளில் அவள் நினைவுகூரப்போவதில்லை. அவற்றுக்குச் சாட்சி நீங்களும் உங்கள் வீட்டாரும் மட்டுமே. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில், தேதி போட்டு, இரண்டு வரி எழுதிவையுங்கள்: என்ன செய்தாள், என்ன சொன்னாள், எந்தச் சொல்லை எப்படி உச்சரித்தாள். ராபின் ஃபிவுஷ் போன்ற ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து சொல்வது, நடந்தவற்றைப் பெற்றோர் விரிவாகவும் கேள்வி கேட்டும் பேசிக்காட்டும் குழந்தைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக நினைவுகூரவும் எடுத்துச் சொல்லவும் கற்கிறார்கள் என்பது. நான்கு, ஐந்து வயதில் கதை கேட்கத் தொடங்கும்போது இவற்றைச் சொல்லுங்கள். "நீ ரொம்ப நல்ல பிள்ளையா இருந்தே" என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்தப் போர்வை, என்ன நிறம், எங்கிருந்து இழுத்து வந்தாள், நடுவில் தடுக்கி விழுந்தாளா என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவள் குறுக்கிட்டு, "அப்புறம் நீ தூங்கிட்டியா?" என்று கேட்பாள். தூங்கியிருந்தால் தூங்கினேன் என்றே சொல்லுங்கள்.